பேஷன் ஃப்ரூட் கொடி: விதையா, குச்சியா, ஒட்டுக் கன்றா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஏற்றது எது?

"கொடி பந்தல் முழுக்க ஓடிருச்சு தம்பி. பூவும் நாள் தவறாம பூக்குது. ஒரு காய் நிக்கலியே!"

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் எதிர் வீட்டு அக்கா இதைச் சொன்னபோது அவர் கொடிக்கு இரண்டு வயது. நெல்லிக்குப்பத்தில் தன் அண்ணன் வீட்டுக் கொடியிலிருந்து ஐந்து குச்சி வெட்டி வந்து நட்டவர். ஐந்துமே பிழைத்துக்கொண்டன. சவுக்குக் கம்பு ஊன்றி, கம்பி இழுத்து, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தார். அண்ணன் வீட்டில் கூடை கூடையாகக் காய்த்த அதே கொடிதான். இங்கே பூ மலரும், ராத்திரி மூடும், இரண்டு மூன்று நாளில் காம்போடு உதிரும். இரண்டு வருஷம் இதே கதை.

அக்கா மண்ணைச் சந்தேகப்பட்டார், உரத்தைச் சந்தேகப்பட்டார், கண்ணு பட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தார். தவறு மண்ணிலும் இல்லை, அவர் உழைப்பிலும் இல்லை. கொடியை எதிலிருந்து தொடங்கினார் என்பதில்தான் இருந்தது. அதனால்தான் "விதை போடட்டுமா, குச்சி வைக்கட்டுமா, நர்சரியில் கன்று வாங்கட்டுமா?" என்று யார் கேட்டாலும் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

## முதலில் பழத்தின் நிறத்தை முடிவு செய்யுங்கள்

கொடைக்கானல் பக்கம் இதைத் தாட்பூட் பழம் என்பார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது கொடித்தோடை. நம் ஊர்க் கடைகளில் பேஷன் ஃப்ரூட். பெயர் எதுவானாலும் வீட்டில் வளர்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு வகை: ஊதா, மஞ்சள்.

ஊதா மலைப்பிரதேசத்துக் கொடி. கொடைக்கானல், நீலகிரி, வயநாடு, குடகு போன்ற குளிர்ந்த இடங்களில் நன்றாகக் காய்க்கும். பழம் சிறியது, மணம் அதிகம், இனிப்பும் கொஞ்சம் கூடுதல். நம் கடற்கரை வெயிலில் இது இலையாகவே ஓடும், பூ குறைவாகத்தான் வைக்கும். சித்திரை, வைகாசியில் வாடிச் சோரும். மண்ணிலிருந்து வரும் வாடல் நோய்க்கும் வேரில் முடிச்சு போடும் நூற்புழுவுக்கும் இது சீக்கிரம் இரையாகும்.

மஞ்சள் வகை வெப்பமான சமவெளிக்கே உரியது. கொடி முரட்டுத்தனமாக ஓடும், பழமும் பெரியது, புளிப்பு தூக்கல். சர்க்கரையோ வெல்லமோ சேர்த்து ஜூஸ் போட இதற்கு இணையில்லை. வாடல் நோயையும் நன்றாகத் தாங்கும். ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஊதாவுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் சமவெளிக்கு மஞ்சள்தான் என்பது என் முடிவு. நம் வேலிகளில் தானாகப் படர்ந்து, நார்க்கூடு போன்ற பச்சை உறைக்குள் சின்னப் பழம் வைக்கும் சிறுபூனைக்காலி இதே குடும்பத்துக் கொடிதான். மணலிலும் வெயிலிலும் அது செழிப்பதைப் பார்க்கும்போது, இந்தக் குடும்பத்துக்கு நம் கரை அந்நியமில்லை என்ற தெம்பு எனக்கு வரும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். காய் நிற்குமா? முதல் பழத்துக்கு எத்தனை மாதம்? வரும் பழம் எப்படி இருக்கும் என்று முன்பே சொல்ல முடியுமா? நோயைக் கூடவே வீட்டுக்குக் கூட்டி வருமா? கையிலிருந்து போகும் காசும் நேரமும் எவ்வளவு?

இவற்றில் முதல் கேள்விதான் எனக்கு முக்கியம். மற்ற நான்கிலும் நூறு மதிப்பெண் வாங்கி இதில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு அக்காவின் பந்தலே சாட்சி.

பந்தல் செலவு எந்த வழிக்கும் பொது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விதை இலவசம் என்று தொடங்குகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள். ஒரு கொடிக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம் வேண்டும். காய்ப்பு வந்த பிறகு பந்தலின் எடையும் கூடும். சவுக்குக் கம்பு நம் பக்கத்தில் மலிவு. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் முனை இரண்டு மழைக்காலத்தில் இற்றுப்போகும். கல்தூணோ இரும்புக் குழாயோ வைத்து, துருப்பிடிக்காத கம்பி இழுத்தால் கொடியின் ஆயுளுக்கும் தாங்கும்.

புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. இலை அடர்ந்த பந்தல் காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி. புரட்டாசியிலேயே திரை போலத் தொங்கும் பழைய கிளைகளைக் கழித்துவிட்டால் பந்தல் பிழைக்க வாய்ப்பு கூடும்.

## விதை போட்டு வளர்த்தால்

எனக்குப் பிடித்த வழி இது. பிடித்தது என்பதற்காகக் குறைகளை மறைக்க மாட்டேன்.

பெரிய பலம், ஒவ்வொரு விதையும் தனித்தனி ஆள். ஒரே பழத்தில் நூறு விதைக்கு மேல் இருந்தாலும் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. மஞ்சள் வகைக்கு இதுதான் வரம். வெவ்வேறு விதையில் வந்த இரண்டு மூன்று கொடிகள் ஒரே பந்தலில் ஓடினால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பழத்து விதைகள் அண்ணன் தம்பிகள். அவற்றுக்குள் சில ஜோடிகள் ஒன்றையொன்று ஏற்காமல் போகலாம். அதனால் விதையை இரண்டு வீட்டுப் பழங்களிலிருந்து எடுங்கள். சம்பந்தம் பேசுவது போலத்தான் இதுவும். ஒரே குடும்பத்துக்குள் பார்க்க வேண்டாம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ கடலூர்ப் பழக்கடைகளிலோ கிடைக்கும் பழம் அநேகமாக மலையிலிருந்து வந்த ஊதா. அந்த விதை அழகாக முளைக்கும். அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முளைத்து, ஓடி, பந்தலை மூடி, பூவுக்காக இரண்டு கோடையைக் காத்திருக்க வைக்கும். சமவெளியில் காய்த்த மஞ்சள் பழம் கிடைக்கும் வரை பொறுத்திருப்பது நல்லது. நம் ஊரில் யார் வீட்டில் காய்க்கிறதோ அங்கே போய்க் கேளுங்கள். கொடி வைத்திருக்கிறவர்கள் பழம் தர மறுத்து நான் பார்த்ததில்லை.

முளைக்க வைப்பது. தானாகக் கீழே விழுந்த பழமாக இருக்க வேண்டும். பறித்த காய் வேண்டாம். சதையை வழித்து ஒரு டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் மூடி வைப்பேன். லேசாகப் புளித்து நுரை கட்டும். பிறகு டீ வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்தால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கழன்றுவிடும். கையில் மிஞ்சுவது கறுப்பாக, மேலே சிறு குழிகளோடு, தட்டையான விதை. நிழலில் ஒரு நாள் உலர்த்தி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். புது விதை பத்து முதல் இருபது நாளில் தலை காட்டும். டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த விதை ஒரு மாதம் இழுக்கும், பாதி முளைக்காமலும் போகும். எனவே இந்த விதையைச் சேமித்து வைக்காதீர்கள்.

முதலில் வரும் இலைகள் முழு இலைகளாக இருக்கும். மூன்று விரல் மாதிரிப் பிரிந்த இலை பின்னால்தான் வரும். "வேற ஏதோ செடி முளைச்சிருக்கு" என்று நினைத்து லாஸ்பேட்டையில் என் சித்தி இரண்டு நல்ல நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். சுருள்கம்பி நீட்டும் வரை பொறுமையாக இருங்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது காலம். நாற்று ஒரு அடி வளர இரண்டு மூன்று மாதம். நட்ட பிறகு முதல் பழத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதம். ஒரு முழுக் கோடைக்குத் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நாற்றைக் காப்பது. ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு தாழ்வாகப் பறக்கும் ஒரு பட்டாம்பூச்சியைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கொடியின் இலையில்தான் கூட்டமாக முட்டை வைக்கும். செம்பழுப்பு உடலில் கறுப்பு முட்கள் கொண்ட புழுக்கள் வரும். பந்தல் ஏறிய கொடி இவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஒரு அடி நாற்றை இரண்டே நாளில் குச்சியாக்கிவிடும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி எடுத்தால் மருந்தே தேவையில்லை. மழைக்காலத்தில் நத்தையும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது, பழத்தின் ருசி. தாய்ப்பழம் தேனாக இருந்தது என்பதற்காகப் பிள்ளையும் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லை. எங்கள் வீட்டில் மூன்று விதைக் கொடிகள். ஒன்றில் சாறு நிறைய, ஒன்றில் தோல் தடிமன், ஒன்று நல்ல புளிப்பு. மூன்றையும் கலந்துதான் ஜூஸ் போடுகிறோம்.

பலம் ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். இந்தக் கொடியில் வரும் நச்சுயிரி நோயில் இலை தேமல் விழும், காய் கல் போல் கெட்டிப்படும். அந்த நோய் விதை வழியாகப் பரவுவதில்லை. விதையில் தொடங்குகிறவர் சுத்தமான கொடியோடு தொடங்குகிறார்.

## குச்சி வெட்டி வைத்தால்

நன்றாகக் காய்க்கும் கொடியில், பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணு உள்ள குச்சியாக வெட்டி, மேலே ஒரு இலையைப் பாதியாக்கி விட்டு, இரண்டு கணுவை ஈர மணலுக்குள் ஊன்றி நிழலில் வைத்தால் ஒரு மாதத்தை ஒட்டி வேர் விடும். ஆனி, ஆடியிலும், மழை ஓய்ந்த தை, மாசியிலும் இது நன்றாக வரும். அக்னி நட்சத்திர நாட்களில் முயலாதீர்கள், குச்சி வதங்கிவிடும். தாழ்வாக ஓடும் கிளையை மண்ணில் புதைத்துப் பதியம் போடுவதும் ஏறக்குறைய இதே கணக்கு. வேர் விட்ட பிறகு வெட்டி எடுப்பதால் தோல்வி குறைவு.

குச்சியின் பலம் இரண்டு. விதைக் கொடியை விடச் சில மாதம் முந்திக் காய்க்கும். தாய்க்கொடியின் பழம் எப்படியோ அப்படியே வரும், சந்தேகமே வேண்டாம்.

அந்த இரண்டாவது பலம்தான் அக்காவைக் கவிழ்த்தது. ஐந்து குச்சி என்று அவர் எண்ணினார். செடியின் கணக்கில் அது ஒன்றேதான், ஒரே கொடி ஐந்து இடத்தில் நின்றது. ஐம்பது நட்டாலும் ஒன்றுதான். அண்ணன் வீட்டில் காய்த்ததற்குக் காரணம், பக்கத்து மனை வேலியில் வேறொருவர் விதை போட்டு வளர்த்த கொடி. அதை அண்ணனே கவனித்திருக்கவில்லை.

இதற்கு நாங்கள் செய்த பரிகாரத்தைச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சள் வகை நண்பகலுக்குப் பிறகுதான் மலரும். ஒரு மணி வாக்கில் என் கொடியில் அப்போதுதான் விரிந்த நாலு பூவைப் பறித்து டம்ளரில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். அக்கா முக்காலி போட்டுப் பந்தலுக்கடியில் தயாராக நின்றார். பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: வெளியே வெள்ளை இதழ்கள், உள்ளே அடியில் ஊதாவும் மேலே வெள்ளையுமாய் வட்டமாக நிற்கும் இழைகள், நடுவில் ஒரு தூண். தூணில் கீழ்நோக்கிக் கவிந்த ஐந்து மகரந்தப் பைகள், அவற்றுக்கு மேலே மூன்று சூல்முடிகள். பூ விரிந்தவுடன் அந்த மூன்றும் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் மெல்ல வளைந்து, மகரந்தப் பைகளின் மட்டத்துக்குத் தாழும். அப்போது தொட்டால்தான் பலன். என் பூவின் மகரந்தப் பையை இடுக்கியால் எடுத்து, அக்காவின் பூவில் மூன்று முடியிலும் மஞ்சள் பொடி ஒட்டும்படி தடவினோம்.

நாலாம் நாள் அக்கா வாசலில் நின்றே கூப்பிட்டார். "தம்பி, பச்சையா உருண்டு நிக்குது வந்து பாரு!" பன்னிரண்டு பூ தொட்டதில் ஒன்பது நின்றது. இரண்டு மாதம் தாண்டி முதல் பழம் பந்தலுக்கடியில் விழுந்து கிடந்தபோது அதை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை, இரண்டு நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அந்த ஆடியில் என் நாற்று இரண்டை அவர் பந்தலின் மறுமூலையில் நட்டோம்.

ஆக, குச்சியின் மறைமுகச் செலவு என்பது இரண்டாவது கொடி. இன்னொன்று, தாய்க்கொடியில் நச்சுயிரி இருந்தால் அதுவும் குச்சியோடு வந்து சேரும். தேமல் விழுந்த இலையோ நெளிந்த நுனியோ இருக்கும் கொடியில், எவ்வளவு காய்த்திருந்தாலும் குச்சி எடுக்காதீர்கள்.

## ஒட்டுக் கன்று

மஞ்சள் நாற்றின் வேர்ப்பகுதி மேல் ஊதாவையோ கலப்பினத்தையோ ஒட்டுவதுதான் வழக்கம். ஊதாவின் பழம், மஞ்சளின் உறுதியான வேர், இரண்டும் ஒன்றில் கிடைக்கும். வாடல் நோய் உள்ள மலைத்தோட்டங்களுக்கு இது அருமையான வழி. நாம் மஞ்சளையே வளர்க்கப் போகிறோம் என்னும்போது அந்த வேர் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை.

ஊதாவின் மணத்துக்காகவே ஆசைப்படுகிறவர்கள், அல்லது குடகின் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையம் ஊதாவையும் மஞ்சளையும் இணைத்து வெளியிட்ட காவேரி ரகத்தைத் தேடுகிறவர்கள், வாங்கிப் பார்க்கலாம். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும். விட்டால் அடிக்கொடி மேல்கொடியை அமுக்கிவிடும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

## நர்சரிப் பைக் கன்று

அவசரக்காரர்களின் வழி. இரண்டு மூன்று மாத வேலை மிச்சம். பைக்குள் இருப்பது விதை நாற்றா, குச்சியா, மஞ்சளா, ஊதாவா என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். 'மஞ்சள்' என்று சொல்லி எனக்குக் கொடுத்த கன்று ஒன்று, பதினாலு மாதம் தண்ணீர் குடித்துவிட்டு ஊதாவாகத் தெரிந்தது. கன்றின் விலை நூற்று ஐம்பது ரூபாய். நான் இழந்தது ஒரு வருஷம்.

அதற்குப் பிறகு கன்றை இப்படித்தான் பார்த்து எடுக்கிறேன். மஞ்சள் வகையில் இளந்தண்டு, சுருள்கம்பி, இலைக்காம்பு இவற்றில் செம்மையோ ஊதாச் சாயலோ ஓடியிருக்கும். ஊதா வகையில் அவை பெரும்பாலும் வெறும் பச்சை. பழத்தின் நிறத்துக்கு நேரெதிர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேண்டாம். இரண்டு கன்று எடுத்தால் இரண்டு நர்சரியில் எடுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் இரண்டும் ஒரே தாயின் குச்சியாக இருக்கக்கூடும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | விதை | குச்சி, பதியம் | ஒட்டு | பைக் கன்று |
|---|---|---|---|---|
| மஞ்சளில் காய் நிற்பது | நன்று. இரண்டு வீட்டு விதை வேண்டும் | ஒரே தாய் என்றால் நிற்காது | மேலே ஒட்டிய வகையைப் பொறுத்தது | அதிர்ஷ்டம் |
| நட்டபின் முதல் பழம் | 8–12 மாதம் | சில மாதம் முன்பே | சில மாதம் முன்பே | கன்றைப் பொறுத்தது |
| பழத்தின் குணம் | முன்கூட்டிச் சொல்ல முடியாது | தாயைப் போலவே | ஒட்டிய வகை போலவே | விற்பவர் சொல்வதுதான் |
| நச்சுயிரி பயம் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| கைக்காசு | ஒரு பழம் | அநேகமாக இலவசம் | அதிகம் | நடுத்தரம் |
| மறைந்த செலவு | காலம், நாற்றுக் காவல் | இரண்டாவது வேறு கொடி | அடித்தளிர் கிள்ளுவது | வகை மாறிப்போவது |

## எந்த வீட்டுக்கு எது

தரை இருக்கிறது, ஒரு வருஷம் பொறுக்க முடியும்: விதைதான். இரண்டு வீட்டுப் பழத்தில் ஆறு நாற்று எடுத்து, தேறிய மூன்றை நடுங்கள்.

ஒரே பந்தல், ஒரே மூலை: நம் நகர்ப்பகுதி வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஒரு கொடிக்குத்தான் இடம் என்று ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். மூன்றடி இடைவெளியில் இரண்டு விதை நாற்று நட்டு ஒரே பந்தலில் பின்ன விடுங்கள். விளைச்சல் இரட்டிப்பாகாது, ஆனால் காய் நிற்கும்.

ஏற்கெனவே காய்க்காத கொடி இருக்கிறது: வெட்டிப் போடாதீர்கள்! வேறு வீட்டு விதை நாற்று ஒன்றைப் பக்கத்தில் நட்டுவிட்டு, அது பூக்கும் வரை யாரிடமாவது பூ கடன் வாங்கித் தொட்டு வாருங்கள்.

நல்ல கொடி வயதாகிவிட்டது: இந்தக் கொடியின் நல்ல காலம் மூன்று முதல் ஐந்து வருஷம். மூன்றாம் வருஷத்தில், இருக்கிற கொடிகளில் ருசியானதிலிருந்து குச்சி எடுத்து வையுங்கள். குச்சிக்கு உண்மையான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: விதையில் தேர்ந்தெடுத்ததைக் குச்சியில் காப்பாற்றுவது.

மொட்டை மாடி: எந்த வழியில் தொடங்கினாலும் சின்னப் பையில் நடக்காது. அறுபது எழுபது லிட்டர் டிரம் வேண்டும். சித்திரையில் டிரம்மின் பக்கச்சுவர் சூடேறி வேர் வெந்துவிடும், அதனால் சாக்கு சுற்றுங்கள். மாடிக்கு இரண்டு பைக் கன்று வாங்கினாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடம்: போர்த் தண்ணீரை வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் எந்தக் கன்றும் தேறாது. இலை ஓரம் கருகும். மழைநீர்த் தொட்டியோ நகராட்சித் தண்ணீரோ இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

## விதை என்று முடிவு செய்தவர்களுக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்துகிறது. ஆனி கடைசியிலோ ஆடித் தொடக்கத்திலோ விதைத்தால் புரட்டாசியில் நாற்று தயார். ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை அடிக் குழியில் மட்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடி, அதன் மேல் ஒரு அடி மேடு கட்டி, மேட்டின் மேல் நடுங்கள். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தரை மட்டத்தில் நட்டிருந்த என் ஒரு கொடி நாலு நாள் தண்ணீரில் நின்று அடித்தண்டு அழுகிச் செத்தது. மேட்டில் இருந்த இரண்டும் பிழைத்தன. பண்ருட்டிச் செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும், அங்கே அரை அடி மேடு போதும்.

ஒற்றைத் தண்டாகப் பந்தல் வரை ஏற்றி, எட்டியதும் நுனியைக் கிள்ளி இரண்டு பக்கமும் கை விரிக்க விடுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும். அதனால் தையில் பழைய கிளைகளைக் குறைப்பது அவசியம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கிடைக்கும். வேர் மேலோட்டமாக ஓடுவதால் கோடையில் கரும்புச் சோகையால் மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

பூக்கும் காலத்தில் பெரிய கருவண்டு ஒன்று உறுமிக்கொண்டே வரும். முதுகு முழுக்க மஞ்சள் பொடியோடு ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குப் போகும். தேனீ இந்தப் பூவுக்குச் சிறியது. மகரந்தத்தை எடுத்துக்கொண்டு முடியைத் தொடாமலே போய்விடும். கருவண்டின் உடல்தான் சரியான அளவு. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும் என்பதால் பலர் பார்த்தவுடன் துரத்துகிறார்கள், துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றைத் தோட்டத்து மூலையில் சாய்த்து வையுங்கள். அவை பந்தல் கம்பை விட்டுவிட்டு அங்கே போகும். வண்டு வராத நாளிலும் தூறல் நாளிலும் கையால் தொடுங்கள். மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகிவிடும், தொட்ட பிறகு ஒன்றரை மணி நேரமாவது மழை படக்கூடாது.

பச்சைக் காயைப் பறித்துச் சாப்பிடக் குழந்தைகளை விடாதீர்கள். பழுக்காத காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. பழம் தானே விழும். காலையில் பந்தலுக்கடியில் பொறுக்கி, தோல் லேசாகச் சுருங்கும் வரை இரண்டு மூன்று நாள் வைத்து அறுத்தால் புளிப்பு தணிந்திருக்கும். விதைக்கு எடுப்பதாக இருந்தால் பெரிய பழமாகப் பார்த்து, எந்தக் கொடியில் விழுந்தது என்று தோலில் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்து கேட்டு வருகிறவருக்கு இரண்டு கொடியிலிருந்து ஒவ்வொன்று கொடுக்க வசதியாக இருக்கும்.